கில்வார்னா கேட், பன்னிரண்டு பத்து

டோனலின் கணுக்கால்கள் இரண்டையும் பிடித்து இழுத்தேன். மேசைக்கு அடியிலிருந்து அலறல் வந்தது.

"அண்ணி! கையில சால்டரிங் கம்பி கொதிக்குது!"

"கீழ வச்சுட்டு வெளிய வா. இப்பவே கில்வார்னா போகணும்."

"நாளைக்குத்தானே?"

"இன்னிக்கு. இன்ஜின் கிளம்பப் போகுது."

'ணங்' என்று அவன் தலை பலகையில் மோதியது. அந்த அதிர்வில் மேலே இருந்த குட்டி ரயில் நிலையத்தில் சிக்னல் கம்பம் ஒன்று சாய்ந்தது. வேறு நாளாக இருந்தால் அந்தக் கம்பத்துக்காக டோனல் ஒரு வாரம் துக்கம் அனுஷ்டித்திருப்பான். இன்றைக்குத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மணி பதினொன்று இருபத்தைந்து. அக்டோபர் கடைசி விடுமுறை வாரம், சனிக்கிழமை. பள்ளிக்கூட ஹாலில் எங்கள் மாடல் ரயில் சங்கத்தின் கண்காட்சி. பன்னிரண்டு மணிக்குக் கதவு திறக்க வேண்டும். வாசலில் மழைக்கோட்டும் தள்ளுவண்டியுமாகக் குடும்பங்கள் வரிசையில் நின்றுவிட்டன.

டோனல் என் கணவர் கிறிஸ்டியின் தம்பி. வயது அறுபத்தொன்று. முடி போய்விட்டது, முட்டி போய்விட்டது. ஆனால் நான் இந்த வீட்டுக்கு வந்தபோது அவனுக்குப் பத்தொன்பது வயது; என் கண்ணுக்கு இன்றைக்கும் அதே வயதுதான் தெரிகிறது.

"நாளைக்கு ரெண்டு மணின்னு பேப்பர்லயே போட்டிருக்கானே?" என்றான், நெற்றியைத் தேய்த்துக்கொண்டே.

"நாளைக்குப் புயல் எச்சரிக்கை. மரம் விழும்னு பயந்து ஒரு நாள் முன்னாடி கொண்டுவந்துட்டாங்க."

"யார் சொன்னா?"

இந்தக் கேள்விக்குத்தான் பயந்தேன். கைபேசியை நீட்டினேன். அவன் படித்தான்.

'முதல் இன்ஜின் இன்று. ஜங்ஷன் 11.30. கில்வார்னா கேட் 12.10. அவனைக் கூட்டி வாருங்கள். மாலக்கி.'

டோனல் கைபேசியை என் கையில் திருப்பி வைத்தான். சால்டரிங் கம்பியைக்கூட அவ்வளவு அவசரமாகக் கீழே வைத்திருக்கமாட்டான்.

"நான் வரல," என்றான். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டான்.

கில்வார்னா பாதையில் பதினோரு வருடமாக ரயில் இல்லை. சிமெண்ட் போக்குவரத்து நின்றதும் கிளைப் பாதைக்குப் பூட்டுப் போட்டுவிட்டார்கள். இப்போது துறைமுகத்துச் சரக்குக்காகப் புதுத் தண்டவாளம் போட்டிருக்கிறார்கள். வசந்தத்தில் திறப்பு விழா. மந்திரி வருவார், ரிப்பன் வெட்டுவார், பேண்டு வாசிப்பார்கள். அந்த வண்டி எங்கள் ஆட்களுக்கு ஒரு பொருட்டே இல்லை. அதற்கு முன்னால், பாதை தாங்குகிறதா என்று பார்க்க ஒற்றை இன்ஜினை மெதுவாக ஓட்டுவார்கள். மழையில் துருவேறிக் கிடக்கும் அந்தப் புதுத் தண்டவாளத்தில் முதலில் உருளும் சக்கரம் அதனுடையது. எங்களுக்கு அதுதான் முதல் வண்டி. அதைப் பார்த்தவன் சாகும்வரை சொல்லிக்கொண்டிருப்பான், பார்க்காதவனிடமும் சொல்லிக்கொண்டிருப்பான்.

டோனல் அந்தப் பாதையின் கடைசி வண்டியைத் தவறவிட்டவன். அந்த வண்டி அவன் அண்ணனுடையது. முதல் வண்டியையும் தவறவிட்டால் அவன் தாங்கமாட்டான். எனக்குத் தெரியும்.

"அண்ணி, கணக்கு புரியலையா உங்களுக்கு?" என்றான். "பன்னெண்டு மணிக்குக் கதவு திறக்கும். என் கில்வார்னா மாடல்கிட்ட ஆள் இருக்காது. நான் அங்க வெறும் தண்டவாளத்தைப் பாத்துட்டு மழையில நிப்பேன். பதினோரு வருஷத்துக்கு முன்னாடி அடிச்ச அதே ஜோக்கை அந்த மாலக்கி ரெண்டாவது தடவை அடிக்கிறான்."

"உன்னைக் கவுத்து அவருக்கு என்ன கிடைக்கும்? நீ என்ன எலெக்ஷன்லயா நிக்கற?"

தேநீர் கொதிகலன் பக்கத்திலிருந்து ஜெர் குரல் கொடுத்தான். அவன் எங்கள் சங்கத் தலைவன். இங்கிலாந்து இன்ஜின்கள் மட்டும் சேர்ப்பவன்.

"போய்ட்டு வா டோனல். உன் வண்டியை நான் ஓட்டறேன்."

"என் இன்ஜின் மேல கை வச்சே, உன் ஹாம் சாண்ட்விச்சுக்குள்ள சால்டரிங் பசையைத் தடவிடுவேன். குறுகின தடத்துல பொம்மை ஓட்டறவன் நீ."

"ஆமா, உன் தடம் மட்டும் ஆண்டவன் போட்டது."

இது இவர்களுக்குள் தினசரிச் சண்டை. எங்கள் நாட்டுத் தண்டவாளம் அக்கம்பக்கத்து நாடுகளுடையதைவிட அகலம். கடையில் விற்கும் மாடல் தடமோ குறுகல். பெரும்பாலானவர்கள் கண்டுகொள்ளமாட்டார்கள். டோனல் மட்டும் ஒவ்வொரு கட்டையாக, ஒவ்வொரு ஆணியாக, கையாலேயே இருபத்தோரு மில்லிமீட்டர் அகலத்துக்குத் தடம் போட்டான். ஆறு வருடம் ஆனது. அதன்மேல் நிற்பதுதான் அவனுடைய கடைசி வண்டி: சாம்பல் நிற வயிறு பெருத்த சிமெண்ட் வேகன்கள் பன்னிரண்டு, முன்னால் டீசல் இன்ஜின். இன்ஜின் ஜன்னலில் இருபத்து மூன்று மில்லிமீட்டர் உயரத்தில் என் கணவர். நரைத்த மீசை, நீலச் சட்டை. முடி ஒன்றே கொண்ட தூரிகையால் வரைந்தது.

முன்னால் ஒரு அட்டை. 'கில்வார்னா: கடைசி வண்டி. ஓட்டுநர் கிறிஸ்டி ஹன்ராஹன். வேகன்களின் எண்ணிக்கை உறுதியில்லை.' அந்தக் கடைசி வரியை ஒவ்வொரு வருடமும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் எழுதுவான்.

"டோனல்," என்றேன். "மாலக்கி சொன்னது பொய்னா உனக்கு ரெண்டு மணி நேரம் நஷ்டம். நிஜம்னா?"

எழுந்தான். சாய்ந்த சிக்னல் கம்பத்தை ஒரு விரலால் நிமிர்த்தினான். கோட்டை எடுத்தான்.

"காரை நீங்க ஓட்டுங்க," என்றான். "நான் ஓட்டினா பாதியில திரும்பிடுவேன்."

*

முப்பத்தைந்து நிமிடப் பயணம். எங்களிடம் நாற்பது நிமிடம் இருந்தது. மழை பொடியாகத் தூறிக்கொண்டிருந்தது. நான் வேகமாகத்தான் ஓட்டுவேன்; கிறிஸ்டி என் பக்கத்தில் உட்காரும்போதெல்லாம் இல்லாத பிரேக்கைக் காலால் மிதித்துக்கொண்டே வருவார்.

"அவன்கூட நீங்க இன்னும் பேசறீங்களா?" என்று கேட்டான் டோனல்.

"கிறிஸ்துமஸுக்குக் கார்டு அனுப்புவார்."

"எனக்கும்தான் அனுப்பறான். பிரிக்காம அடுப்புல போட்டுடுவேன்."

மாலக்கி தபால் இலாகாவில் இருந்தவர். முப்பது வருடம் எங்கள் சங்கப் பத்திரிகையில் 'பாதைச் செய்தி' எழுதினார். எந்தப் பாதையில் எந்த வண்டி, எந்த நாள், எத்தனை மணிக்கு, எந்த இன்ஜின் என்று. கேட் காப்பவர், சிக்னல்காரர், கேன்டீன்காரர் என்று அவருக்கு ஊரெல்லாம் ஆட்கள். யார் சொன்னது என்று ஒருநாளும் வெளியிடமாட்டார். ஒரு தேதிகூடத் தப்பியதில்லை. கிறிஸ்டி விதிமுறைப் புத்தகத்தைத் தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்குகிற மாதிரி ஆள். பணி நேரத்தை வீட்டில்கூடச் சொல்லமாட்டார். அண்ணன் எப்போது எந்த வண்டியில் வருவார் என்பது தம்பிக்கே மாலக்கி எழுதித்தான் தெரியும்.

கடைசி சிமெண்ட் வண்டி வெள்ளிக்கிழமை என்று மாலக்கி எழுதினார்.

டோனல் இருபத்து மூன்று பேரைத் திரட்டினான். கட்டில் விரிப்பில் பேனர் எழுதினான். கில்வார்னா கேட்டில் காலை ஏழு மணியிலிருந்து மழையில் நின்றார்கள். பகல் ஒரு மணிக்கு ஒரு விவசாயி டிராக்டரை நிறுத்திவிட்டு, "என்ன விசேஷம்?" என்று கேட்டான். "கடைசி வண்டி" என்றார்கள். "அது நேத்தே போயிடுச்சே," என்றான் அவன். "பச்சை வேன்காரர் ஒருத்தர் வந்து பாத்தாரே."

ஊரில் பச்சை வேன் ஒன்றுதான். மாலக்கியுடையது.

சங்கத்தில் விசாரித்தார்கள். "வியாழக்கிழமை நீ போனியா?" "போனேன்." "எங்களுக்கு ஏன் வெள்ளின்னு எழுதினே?" "தப்பு நடந்துடுச்சு." வேறு ஒரு வார்த்தை அவர் சொல்லவில்லை. பாதைச் செய்தியை அவரிடமிருந்து பிடுங்கிக்கொள்வது என்று தீர்மானம் போட்டார்கள். கை தூக்கியவர்களில் நானும் ஒருத்தி. மாலக்கி என் கையைப் பார்த்தார், தொப்பியை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த ஜூனில் கிறிஸ்டி இறந்தார். தலையில் கட்டி. தன் அண்ணன் வண்டி ஓட்டிப் போன கடைசிக் காட்சியை உலகத்தில் ஒரே ஒருவன் பார்த்தான், படமும் எடுத்தான், அதைப் பெட்டியில் பூட்டி வைத்திருக்கிறான் என்பது டோனலின் தீர்மானம். அதற்கப்புறம் மாலக்கியோடு ஒரு வார்த்தை இல்லை.

மணி பதினொன்று நாற்பத்தொன்று. என் கைபேசி முணுமுணுத்தது.

"படி," என்றேன். "நான் ஓட்டறேன் இல்ல."

"படிக்கமாட்டேன்."

"அப்ப நானே படிக்கறேன்." ஒரு கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுத்தேன். கார் வேலியோரம் சரிந்தது.

"ஐயோ, குடுங்க!" பிடுங்கிக்கொண்டான். தொண்டையைச் செருமினான். "'பதினொன்று முப்பத்திரண்டு, ஜங்ஷன் விட்டது. இரண்டு நிமிடம் தாமதம். இன்ஜின் மட்டும். மணிக்குப் பத்து மைல். தென்மேற்குக் காற்று.'" நிறுத்தினான். "காத்து எந்தப் பக்கம்னு யார் கேட்டா இவனை?"

ஆனால் கைபேசியைத் திருப்பித் தரவில்லை. மடியில் வைத்துக்கொண்டான்.

அடுத்த திருப்பத்தில் பிரேக்கை மிதித்தேன்.

முன்னால் கறுப்பு வண்டி. அதன் பின்னால் நூறு பேர் நடந்துகொண்டிருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் இருபது கார்கள், விளக்கைப் போட்டுக்கொண்டு, நத்தை மாதிரி. சவ ஊர்வலம். மாதா கோவிலில் பன்னிரண்டு மணிப் பூசைக்குப் போகிறது.

எங்கள் ஊரில் சாலை மறியலைத் தாண்டலாம், போலீஸைத் தாண்டலாம். சவ வண்டியைத் தாண்டியவன் அப்புறம் ஊரில் ரொட்டி வாங்க முடியாது.

"யாரு?" என்றான் டோனல்.

"நோரா லூனி. தொண்ணூத்தி மூணு."

"தொண்ணூத்தி மூணு வருஷம் பொறுத்தவ, இன்னும் ஒரு அரை மணி நேரம் பொறுத்திருக்கக் கூடாதா!" என்று கத்தினான். கத்திய வாயோடு நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டான். "மன்னிச்சுக்கோங்க நோரா. நல்ல பொம்பள. தபால்காரங்களை எல்லாம் நாய் விட்டுத் துரத்தினவங்க."

பதினொன்று நாற்பத்தெட்டு. நடக்கிறவர்கள் நோராவின் வீட்டு வாசலில் வழக்கப்படி நின்றார்கள். ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். டோனலின் முட்டி டாஷ்போர்டில் தாளம் போட்டது. கைபேசி மறுபடி முணுமுணுத்தது. இந்தத் தடவை நான் சொல்லவே வேண்டியிருக்கவில்லை.

"'பதினொன்று ஐம்பது. கல் பாலம் தாண்டியது. பாலத்தில் நாலு மைல் வேகம்.'" அவன் விரல் விட்டு எண்ணினான். "பாலத்திலேர்ந்து கேட்டுக்கு மூணே கால் மைல். அண்ணி, முடிஞ்சுது. நம்மால முடியாது."

'அவன் ஏமாற்றுகிறான்' என்பது போய் 'நம்மால் முடியாது' என்று வந்துவிட்டது. நான் கவனித்தேன்.

"பால் பண்ணைக்குப் பின்னால சதுப்பு நிலத்து ரோடு இருக்கே?" என்றேன்.

"அது ரோடா? அடுப்புக்குச் சதுப்புக் கரி வெட்டறவன் டிராக்டர் போற தடம். உங்க கார் அடி பேந்துடும்."

"பேந்தா பேந்துட்டுப் போகுது."

ரிவர்ஸ் எடுத்தேன். கடைசிக் காரில் இருந்தவர் என்னைப் பார்த்து, ஊர்வலத்தை விட்டுப் போகிறாளே என்று உதட்டைப் பிதுக்கினார். நாளைக்கு ஊரெல்லாம் பேசும். பேசட்டும்.

அந்தத் தடத்தில் கார் ஓடவில்லை, குதித்தது. இரண்டு பக்கமும் கறுப்புத் தண்ணீர். நடுவில் வளர்ந்த புல் வயிற்றை உரசியது. டோனல் ஒரு கையால் கூரையையும் ஒரு கையால் கைபேசியையும் பிடித்துக்கொண்டு, வாய்க்கு வந்த புனிதர்களை எல்லாம் கூப்பிட்டான். ஒரு பள்ளத்தில் பின்பக்கம் ஏதோ கழன்று விழுந்த சத்தம். நான் நிறுத்தவில்லை.

"என்ன விழுந்தது?"

"தெரியல. ஓடுது இல்ல?"

பன்னிரண்டு மூன்று. கைபேசி.

டோனல் படித்தான். அப்புறம் சிரித்தான். சத்தமாக, வயிறு குலுங்க.

"என்னடா?"

"'பன்னிரண்டு இரண்டு. ரோஷீன் வளைவுக்கு முன்னால் நிற்கிறது. தண்டவாளத்தில் மாடு. நகர மறுக்கிறது. நமக்கு நல்லது.'"

சிரிப்பு மெல்ல அடங்கியது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"நமக்காம்," என்றான்.

*

கில்வார்னா கேட்டில் காரை நிறுத்தியபோது மணி பன்னிரண்டு பதினாறு. பச்சை வேன் வேலியோரம் நின்றது. அதே வேன், கதவு மட்டும் துருப்பிடித்துவிட்டது.

புது கேட், புது மின்விளக்கு, புதுச் சரளைக் கல். தண்டவாளத்தின் தலை செம்பழுப்பாகத் துருவேறியிருந்தது. வண்டி எதுவும் போகவில்லை. நாங்கள் தாமதம் இல்லை.

அங்கே மாலக்கி மட்டும் இருந்தார். மெலிந்துவிட்டார். தோளில் கேமரா. எங்கள் ஆட்கள் பாதையோரம் நிற்கும்போது ஒரு மரியாதை உண்டு: முதலில் வந்தவன் நல்ல இடத்தை எடுத்துக்கொள்வான், மற்றவன் வாய் பேசாமல் பின்னால் நிற்பான். இங்கே நல்ல இடம் எது என்று யாருக்கும் தெரியும். வேலிக் கம்பத்துக்குப் பக்கத்து மேடு. அங்கேயிருந்து வளைவு முழுதும் தெரியும். மாலக்கி அந்த மேட்டை விட்டுவிட்டு, புதர் மறைக்கிற தாழ்வான இடத்தில் நின்றுகொண்டிருந்தார்.

டோனல் மேட்டைப் பார்த்தான். அவரைப் பார்த்தான். மேட்டில் ஏறினான். கோட்டுப் பைக்குள் கையை விட்டான். இன்னொரு பைக்குள் விட்டான். முகம் வெளுத்தது.

"அண்ணி. கேமரா."

"எங்க?"

"ஹால்ல. மேசைக்கு அடியில."

தூரத்தில் ஹார்ன் கேட்டது. இரண்டு தொனி, ஒன்று தாழ்ந்து ஒன்று உயர்ந்து. பதினோரு வருடமாக அந்தப் பக்கத்து மாடுகள் கேட்காத சத்தம். மணி அடிக்க ஆரம்பித்தது. சிவப்பு விளக்குகள் கண் சிமிட்டின. கேட் இறங்கியது.

மாலக்கி தோளிலிருந்து கேமராவைக் கழற்றினார். மேட்டுக்கு நடந்து வந்தார். அதன் வாரை டோனலின் கழுத்தில் மாட்டினார், குழந்தைக்குச் சால்வை போடுகிற மாதிரி. லென்ஸ் மூடியைக் கழற்றித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். திரும்பப் போய்ப் புதருக்குப் பின்னால் நின்றார்.

வளைவில் மஞ்சள் மூக்கு தெரிந்தது. சாம்பல் நிற இன்ஜின், மழையில் பளபளத்து, மனிதன் நடக்கிற வேகத்தில் வந்தது. இன்னொரு மாடு வந்துவிடாமல், முன்னால் ஆரஞ்சுச் சட்டை போட்ட இருவர் தடத்தைப் பார்த்துக்கொண்டே நடந்தார்கள். தரை அதிர்ந்தது; முதலில் உள்ளங்காலில், அப்புறம் பல்லில். டோனல் இன்ஜின் எண்ணை வாய்விட்டுச் சொன்னான், ஜெபம் சொல்கிற குரலில். ஷட்டர் கிளிக், கிளிக், கிளிக் என்றது. ஓட்டுநர் ஒரு பெண். எங்களைப் பார்த்துக் கை அசைத்தாள். மூன்று கிழடுகள் கை அசைத்தோம்.

போய்விட்டது. டீசல் புகை வேலியில் தங்கியது. கேட் ஏறியது. நான் தண்டவாளத்தைப் பார்த்தேன். துருவின் நடுவில் ஒரு விரல் அகலத்துக்கு வெள்ளிக் கோடு.

டோனல் அழுதுகொண்டிருந்தான். மழை என்று சொல்லிக்கொள்ளலாம்; மழை அப்போது நின்றிருந்தது.

இனி கேமராவைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். எத்தனை பெரிய பிடிவாதக்காரனாலும் அடுத்தவன் கேமராவைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போக முடியாது. மேட்டிலிருந்து இறங்கி வந்தான். நீட்டினான். மாலக்கி கை நீட்டினார். இரண்டு பேர் கையும் கேமராவில் இருந்தது. டோனல் விடவில்லை.

"எத்தனை வேகன்?" என்று கேட்டான்.

பதினோரு வருடத்தில் முதல் வார்த்தை.

"ஒம்பது," என்றார் மாலக்கி, யோசிக்கவே இல்லை. "கடைசி ரெண்டும் காலி. இன்ஜின்ல இடது பக்க விளக்கு எரியல."

டோனல் கண்ணை மூடி அதை உள்ளே எழுதிக்கொண்டான்.

"நான் பன்னெண்டு வச்சிருக்கேன்."

"தெரியும். மூணு அதிகம். வருஷா வருஷம் பாத்து வயிறு எரியுது."

"எப்ப பாத்தே?"

"கண்காட்சியோட கடைசி அரை மணி நேரத்துல வருவேன். நீ பெட்டி கட்டிட்டு இருப்பே. ஜெர் பின் கதவைத் திறந்து விடுவான்."

"அந்தத் திருட்டுப் பய!" என்றான் டோனல். "சொல்லியிருக்கலாமேடா. ஒரு துண்டுச் சீட்டுல எழுதி வச்சிருக்கலாமே, ஒம்பதுன்னு."

"கார்டுல எழுதினேன். நாலு கிறிஸ்துமஸுக்கு எழுதினேன்."

டோனல் கேமராவை விட்டுவிட்டான். கையை எங்கே வைப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை.

"சரி," என்றான். "படத்தைக் காட்டு. பழைய கோபம் எல்லாம் இந்த இன்ஜினோட போகட்டும். கிறிஸ்டி ஓட்டிட்டுப் போற அந்த ஒரு படம். ஒரு தடவை பாத்தா போதும். குடுக்கக்கூட வேண்டாம்."

மாலக்கி தரையைப் பார்த்தார்.

"படம் இல்ல டோனல்."

"தொலைச்சுட்டியா?"

"எடுக்கல."

"கேமராவோட நின்னுட்டு எடுக்கலையா? நீயா? கேன்டீன் வாசல்ல தண்ணி வண்டி வந்தாக்கூட நாலு பக்கமும் எடுக்கறவன், கடைசி வண்டியை எடுக்கலையா? யாருகிட்ட கதை விடற?"

"எடுக்கல. நாளைத் தப்பாப் போட்டேன். தப்பு என்னோடது. அவ்வளவுதான்."

அதே பதில். பதினோரு வருடத்துக்கு முன்னால் சங்கக் கூட்டத்தில் சொன்ன அதே வார்த்தைகள், அதே குரல். இன்னொரு பதினோரு வருடம் வேண்டுமானாலும் அவர் இதையே சொல்வார். டோனலின் முகம் மூடிக்கொள்வதைப் பார்த்தேன், கடைக்காரர் ஷட்டரை இழுத்துவிடுகிற மாதிரி. திரும்பிக் காரை நோக்கி நடந்தான்.

"அவர் எடுக்கல டோனல்," என்றேன். "எடுக்க வேண்டாம்னு சொன்னது நான்."

நின்றான்.

"ஃபிலோமினா, வேண்டாம்," என்றார் மாலக்கி என்னிடம், தாழ்ந்த குரலில். "குடுத்த வாக்கு."

"போதும் மாலக்கி. நீங்க சுமந்தது போதும்."

"அண்ணி?" டோனல் திரும்பி வந்தான். "நீங்க எங்கிருந்து சொன்னீங்க?"

"இங்கிருந்துதான். இதே கேட். வியாழக்கிழமை. அந்த வேன்லதான் நானும் வந்தேன். பத்திரிகையில வெள்ளின்னு போடச் சொன்னது என் சமையலறையில. மாலக்கி முடியவே முடியாதுன்னார். முப்பது வருஷத்துல ஒரு தேதி தப்பினதில்ல, என்னைக் கேக்காதீங்கன்னு கெஞ்சினார். கிறிஸ்டி அவர் கையைப் பிடிச்சுக்கிட்டு விடல."

"அண்ணனா?" அவன் குரல் பத்தொன்பது வயதுக்குப் போய்விட்டது. "நான் வரக்கூடாதுன்னு அண்ணனே சொன்னாரா? நான் என்ன பண்ணினேன் அவருக்கு?"

"நீ ஒண்ணும் தப்பாப் பண்ணலடா. தேதி தெரியறதுக்கு முன்னாடியே ஊரைக் கூட்டினே. 'ஓட்டுநர் கிறிஸ்டி'ன்னு முழ நீளத்துக்கு எழுதினே. அத்தனை பேர் முன்னாடி, முக்கியமா உன் முன்னாடி, இந்த கேட்டைத் தாண்டிப் போக அவருக்குத் தெம்பு இல்ல."

"ஏன்?"

மாலக்கி தொப்பியைக் கழற்றினார். நான் டோனலின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டேன். சில்லென்று இருந்தன.

"அதுக்கு மூணு வாரம் முன்னாடியே, தலையில கட்டி அழுத்தி, வலது கண்ணு போயிடுச்சு. டாக்டர் பரிசோதனையில கண்டுபிடிச்சுட்டாங்க. இனிமே வண்டியைத் தொடக்கூடாதுன்னு எழுதிக் குடுத்துட்டாங்க. அன்னிக்கு ஓட்டினது வேற டிப்போவிலேர்ந்து வந்த யாரோ ஒருத்தர், டோனல். உங்க அண்ணன் பக்கத்து சீட்ல உக்காந்திருந்தார், ரெண்டு கையையும் மடியில வச்சுக்கிட்டு."